பலகையில் எங்கள் பெயரை எழுதும் முன்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற வாரம் வந்த உங்கள் சுற்றறிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. வாரந்தோறும் ஒரு மணி நேரம் நடந்துவந்த மேம்பாட்டுக் குழுக் கூட்டம் உற்பத்தி நேரத்தைத் தின்கிறது என்பதால் எல்லாப் பிரிவுகளிலும் நிறுத்தப்படுகிறது. எங்கள் லைனில் மூன்று மாதமாகச் சோதனை முறையில் இருந்த குறைப் பலகை இனி எல்லா லைன்களுக்கும் வருகிறது. யாருடைய மெஷினில் எத்தனை ரிஜெக்ட், அதாவது குறையால் ஒதுக்கப்பட்ட துண்டுகள், என்பது பெயரோடு எழுதப்படும். அந்த எண்ணுக்கு ஏற்ப ஊக்கத்தொகையில் பிடித்தம் இருக்கும். கடைசி வரியில், இவையெல்லாம் தரப் பண்பாட்டை வளர்க்கும் நடவடிக்கைகள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தரப் பிரிவில் 17 வருடமாக இருக்கிறேன். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் இதைச் சொல்லலாம் என்று இரண்டு முறை கை தூக்கினேன், நேரமில்லை என்றார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அலுவலகத்தில் கொடுத்த பிரதியில் என் பெயரும் பணி எண்ணும் இருக்கின்றன. மற்ற யாருடைய பெயரையும் எழுதவில்லை.

முதலில் பலகையின் வெற்றி பற்றி. ஆய்வுக் கூட்டத்தில் திரையில் காட்டிய வரைபடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பலகை வருவதற்கு முன் எங்கள் லைனில் வாரத்துக்குச் சராசரியாக 48 ரிஜெக்ட். பலகை வந்த இரண்டாம் மாதக் கடைசியில் 13. அறையில் கைதட்டல். நானும் அந்த அறையில்தான் இருந்தேன், கைதட்டவில்லை. காரணம், அன்று காலையில்தான் ஸ்டோர்ஸ் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

நாங்கள் செய்யும் பம்ப் ஹவுசிங், அதாவது பம்பின் உலோக வெளிக்கூடு, ஒன்று ஏறக்குறைய 650 கிராம் இருக்கும். ரிஜெக்ட் ஆனவை வாரக் கடைசியில் எடை போட்டு உருக்கப் போகும். 48 ரிஜெக்ட் என்றால் 31 கிலோ, பழைய வாரங்களின் பதிவும் அப்படித்தான் இருக்கிறது. 13 ரிஜெக்ட் என்றால் எட்டரை கிலோதானே வர வேண்டும்? அந்த வாரம் வெளியே போனது 27 கிலோ. கணக்குப் போட்டால் 41 துண்டுகள். பலகையில் எழுதியது 13, எழுதாமல் நேராகக் கழிவுத் தொட்டிக்குப் போனது 28.

அப்போதும் 48 வரவில்லை, ஏழு குறைகிறது. அந்த ஏழும் எங்கே என்று தேடினேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு மெஷினுக்குப் பின்னால் நின்று பார்த்தபோது தெரிந்தது. ஹவுசிங்கில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளம் கோணலாக இருந்தால், அதன் விளிம்பைக் கை அரத்தால் தேய்த்து, நல்ல டிரேயில் வைத்து அனுப்புகிறார்கள். செய்தவர் என்னைவிட மூத்தவர், இத்தனை வருடத்தில் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாதவர். என்னைப் பார்த்ததும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "இந்த மாசம் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும் சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அன்று நான் அங்கே என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

ஐந்து வாரம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து கசிவுப் புகார் வந்தது. நாங்கள் நான்கு பேர் அவர்களுடைய கிடங்கில் மூன்று நாள் நின்று 2,600 ஹவுசிங்குகளைத் தனித்தனியாகப் பார்த்துப் பிரித்தோம். 19 கெட்டவை கிடைத்தன. அந்த மூன்று நாள் செலவு எங்கள் தரக் கணக்கில் வரவே இல்லை. பயணம், போக்குவரத்து என்ற தலைப்புகளில் போய் ஒளிந்துகொண்டது. வாரக் கூட்டத்தின் ஒரு மணி நேரம் மட்டும் உங்கள் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது.

இந்த விஷயம் புதிதல்ல. அமெரிக்கத் தர நிபுணர் ஆர்மண்ட் ஃபைகன்பாம் 1950களிலேயே தரச் செலவைப் பிரித்துக் காட்டிவிட்டார். குறை வராமல் தடுக்க ஆகும் செலவு, சோதித்துப் பார்க்க ஆகும் செலவு, குறை வந்ததால் ஆகும் செலவு. கடைசிச் செலவைப் பின்னால் வந்தவர்கள் உள்ளே பிடிபட்டது, வெளியே போனது என்று இரண்டாகப் பார்த்தார்கள். முதலாவதில் கை வைத்தால் மிச்சம் உடனே தெரியும். வெளியே போனதற்கான செலவு மாதங்கள் கழித்து, வேறொருவரின் பட்ஜெட்டில், வேறு பெயரில் வரும். கூட்டத்தை நிறுத்தியதால் மிச்சம் என்று நீங்கள் எழுதியிருக்கும் மணிநேரங்களைப் படிக்கும்போது அந்தக் கிடங்கின் சிமென்ட் தரைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

சரி, கூட்டத்தில் அப்படி என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒரு சம்பவத்தை முழுதாகச் சொல்கிறேன். உங்களில் பலர் அப்போது இங்கே இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன் இதே ஹவுசிங்கில் கசிவு ரிஜெக்ட் ஆயிரத்துக்கு 38 வரை போனது. காற்றடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையில் தொடர்ந்து விழுந்தது. ஓ-ரிங் உட்காரும் பள்ளம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் வெட்டியிருந்தது. ஆபரேட்டர் துண்டைச் சரியாகப் பொருத்தவில்லை என்று முடிவு கட்டினோம். எல்லோருக்கும் மறுபயிற்சி கொடுத்தோம், குறையவில்லை. மறுபடியும் பயிற்சி கொடுத்தோம், அப்போதும் குறையவில்லை. அப்புறம் யாருக்கு அதிகம் வருகிறது என்று பார்த்தோம். ஒருவருடைய எண் மற்றவர்களைவிட எப்போதும் மேலே நின்றது. அவருக்கு எச்சரிக்கை மெமோ போனது. மெமோவுக்கு அடிப்படையான அறிக்கையை எழுதியவன் நான்தான். "கவனக்குறைவு" என்ற சொல்லை என் கையால் எழுதினேன்.

அந்தச் சமயத்தில்தான் மேம்பாட்டுக் குழு ஆரம்பித்தார்கள். ஆறு பேர்: மூன்று ஆபரேட்டர்கள், ஒரு மெயின்டனன்ஸ்காரர், டூல் ரூமிலிருந்து ஒருவர், நான். முதல் இரண்டு கூட்டங்களில் ஒன்றும் நடக்கவில்லை, ஆளுக்கு ஆள் அடுத்த பிரிவைச் சொன்னோம். மூன்றாவது கூட்டத்துக்கு, கடைசி மெஷினில் வேலை செய்யும் அக்கா ஒரு தாள் கொண்டுவந்தார். ஒவ்வொரு ரிஜெக்டுக்கும் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று பென்சிலால் ஒரு கோடு. நான்கு வாரக் கோடுகள். யாரும் அவரிடம் கேட்டு எழுதியதில்லை. அந்தத் தாளை மேஜையில் விரித்ததும் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். திங்கள், செவ்வாயில் கோடுகளே இல்லை. வியாழனில் தொடங்குகின்றன. வெள்ளியும் சனியும் தாள் கறுத்துப் போயிருக்கிறது.

அதற்கப்புறம் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனோம். பள்ளம் ஏன் கோணலாகிறது? துண்டுக்கும் அதைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸருக்கும் நடுவில் உலோகச் சுருள் சிக்கித் துண்டைச் சற்றே சாய்க்கிறது. சுருள் ஏன் தங்குகிறது? வெட்டும் இடத்தில் பாயும் குளிர்விப்பு திரவமான கூலன்ட் அதை முழுதாக அடித்துக்கொண்டு போவதில்லை. ஏன்? வாரக் கடைசியில் கூலன்ட் வேகம் குறைகிறது. ஏன்? ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது. ஃபில்டரை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சுத்தம் செய்கிறார்கள். ஏன் ஞாயிறு மட்டும்? மெயின்டனன்ஸ்காரர் பழைய அட்டவணையை எடுத்து வந்து காட்டினார். இரண்டு ஷிப்ட் ஓடிய காலத்தில் போட்ட அட்டவணை அது. மூன்று ஷிப்டாக மாற்றும் முடிவு எடுத்தபோது உற்பத்தி இலக்கை மாற்றினார்கள், ஆள் கணக்கை மாற்றினார்கள், ஃபில்டர் அட்டவணையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மெமோ வாங்கியவர் வெள்ளி, சனி இரவுகளில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எண் ஏன் மேலே நின்றது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

புதன்கிழமையும் ஃபில்டரைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தோம். இருபது நிமிட வேலை. ஆறு வாரத்தில் ஆயிரத்துக்கு 38 என்பது 4 ஆனது. மெமோ வாங்கியவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை. நானும் கேட்கவில்லை.

நிறுவனங்கள் ஏன் இந்த மேம்பாட்டு முறைகளைக் கையில் எடுக்கின்றன என்பதற்கு நான் கண்ணால் பார்த்த பதில் இதுதான். நல்ல ஆட்களைக் கவனமாக வேலை செய்யச் சொன்னால் போதும் என்றால் எந்த முறையும் தேவைப்பட்டிருக்காது. நல்ல ஆள் கெட்ட செயல்முறைக்குள் நின்றால் கெட்ட பொருள்தான் வரும். அது எங்கே கெட்டிருக்கிறது என்பது அங்கே நிற்பவருக்குக் கொஞ்சம் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குக் கொஞ்சம் தெரியும், மெயின்டனன்ஸ் அலமாரியில் கொஞ்சம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவர ஒரு ஒழுங்கு வேண்டும். தாளில் கோடு போடுவது, காரணங்களை மீன் முள் போல வரைவது, ஏன் என்று ஐந்து முறை கேட்பது எல்லாம் அதற்கான வழிகள்தான். ஜப்பானியத் தர நிபுணர் கவோரு இஷிகாவா அந்த மீன்முள் படத்தையும் மற்ற எளிய கருவிகளையும் தரைத்தளத் தொழிலாளர்கள் கையிலேயே கொடுக்கப் பாடுபட்டவர். 1962இல் ஜப்பானில் தர வட்டங்கள், அதாவது நம் மேம்பாட்டுக் குழு போன்ற சிறு தொழிலாளர் குழுக்கள், பதிவாக ஆரம்பித்தது அப்படித்தான். கோடு போட நீண்ட படிப்பு வேண்டாம். அதைக் கொண்டுவந்து காட்டினால் தனக்குக் கேடு வராது என்ற நம்பிக்கை மட்டும் வேண்டும்.

அந்த அக்கா இன்று அப்படியொரு தாளைக் கொண்டுவருவாரா? பலகைக்குப் பிறகு நான் அவரிடமே கேட்டேன். "என் மெஷின்ல வந்ததை நானே எழுதிக் குடுத்து என் காசை நானே குறைச்சுக்கவா தம்பி?" என்றார்.

பலகைக்கு ஆதாரமாகக் காட்டிய நான்கு வாரக் கணக்கையும் பார்க்கலாம். எட்டு ஆபரேட்டர்கள், ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரி 6 ரிஜெக்ட். ஒரு வாரத்தில் ஒருவருக்கு 2, இன்னொருவருக்கு 11. 2 வாங்கியவரைப் பாராட்டினீர்கள், 11 வாங்கியவர் பெயர் சிவப்பில் வந்தது.

1924இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்தைச் சேர்ந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் தன் மேலதிகாரிக்கு ஒரு சிறிய குறிப்பு எழுதினார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. இன்று கட்டுப்பாட்டு வரைபடம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அது. எந்தச் செயல்முறையிலும் எண் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி அந்தச் செயல்முறையின் இயல்பு. சில மட்டும் தனியான காரணத்தால் வருபவை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இயல்பான ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ஆளைத் தேடிப் போனால் நிலைமை மோசமாகும். உங்கள் எண்களை அந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். இப்படி எண்ணும் கணக்கில், சராசரியின் வர்க்கமூலத்தைப் போல மூன்று மடங்கு மேலேயும் கீழேயும் போவதை இயல்பு என்று அந்த வரைபடம் எடுத்துக்கொள்ளும். சராசரி 6 என்றால் அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.45, மூன்று மடங்கு 7.35. மேல் எல்லை 13.35, கீழ் எல்லை பூஜ்யம். நான்கு வாரத்தில் எட்டுப் பேரின் எந்த எண்ணும் 13ஐத் தாண்டவில்லை. அதாவது 2 வாங்கியவருக்கும் 11 வாங்கியவருக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல இந்தக் கணக்கில் இடமே இல்லை. அடுத்த வாரமே 11 வாங்கியவர் 4 ஆனார், 2 வாங்கியவர் 9 ஆனார். உங்கள் தாளிலேயே இருக்கிறது, பாருங்கள்.

நீங்கள் தண்டித்ததும் பரிசு கொடுத்ததும் ஒரே செயல்முறையின் ஏற்ற இறக்கத்துக்கு. சராசரி 6 ஏன் 6ஆக இருக்கிறது, அதை 3ஆக்க எதை மாற்றலாம் என்ற கேள்வியைப் பலகை கேட்பதே இல்லை. அந்தக் கேள்விக்கு ஆபரேட்டரால் தனியாகப் பதில் சொல்லவும் முடியாது. டை (வார்ப்பு அச்சு) பழசாகிவிட்டது என்றால் புதிதாக வாங்கும் கையெழுத்து அவரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. அமெரிக்கத் தர நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் அனுபவத்தை வைத்து ஒரு மதிப்பீடு சொன்னார்: பிரச்சினைகளில் 94 விழுக்காடு அமைப்பைச் சேர்ந்தவை, நிர்வாகத்தின் பொறுப்பு. அந்த எண் அப்படியே எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று வாதாடலாம். எங்கள் ஃபில்டர் விஷயத்தில் நூற்றுக்கு நூறு பொருந்தியது.

டெமிங் 1950இல் ஜப்பானுக்குப் போய்ப் பொறியாளர்களுக்கு மட்டுமில்லாமல் நிறுவனத் தலைவர்களுக்கும் பாடம் எடுத்தார். நிர்வாகங்களுக்கு அவர் பின்னாளில் எழுதிய 14 அம்சங்களில் ஒன்று, அச்சத்தை விரட்டுங்கள் என்பது. இன்னொன்று, சுவரில் வாசகம் எழுதிக் குறையே கூடாது என்று தொழிலாளரிடம் கேட்காதீர்கள் என்பது. நம் நுழைவாயிலில் புதிதாக ஒட்டியிருக்கும் பெரிய வாசகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.

ஆட்கள் சரியில்லை என்று யாராவது இன்னும் நினைத்தால் ஃப்ரீமான்ட் ஆலையைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் இருந்த அந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டது. ஆட்கள் வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை, தரம் மோசம், தொழிற்சங்கத்தோடு ஓயாத சண்டை என்று பெயர் வாங்கிய இடம். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தபோது பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களைத்தான் எடுத்தார்கள். வேலை செய்யும் முறையை மாற்றினார்கள். யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவைப்பட்டால் லைனை நிறுத்தலாம் என்றார்கள். சில ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற அமெரிக்க ஆலைகளுக்கு எட்டாத தரம் அங்கே வந்தது. ஆனால் மற்ற ஆலைகளுக்கு அதைக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸ் பல வருடம் திணறியது. கயிற்றைக் கட்டுவது சுலபம். இழுத்தவரைத் திட்டாமல் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்கும் மேலாளரை உருவாக்குவதுதான் கஷ்டம்.

நம்மிடமும் அந்தக் கயிறு இருக்கிறது. ஒவ்வொரு மெஷினிலும் மஞ்சள் பொத்தான், மேலே விளக்கு. திறப்பு விழா நடத்திப் புகைப்படம் எடுத்தோம். அப்புறம் ஒரு விதி வந்தது: பொத்தானை அழுத்தினால் ஏன் அழுத்தினோம் என்று எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு இரவு ஷிப்டில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அழுத்தினான். அளவு சரிபார்க்கும் கேஜ் வழக்கத்தைவிடத் தளர்வாக உள்ளே போகிறது, சந்தேகமாக இருக்கிறது என்றான். சரியான சந்தேகம். சூப்பர்வைசர் வந்து, லைன் நின்ற ஏழு நிமிடத்துக்காக எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டார். அந்த சூப்பர்வைசரையும் நான் குறை சொல்லவில்லை, ஏழு நிமிடத்துக்கு அவர் காலையில் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் அளந்து பார்த்தபோது அந்த கேஜ் தேய்ந்துதான் போயிருந்தது. அந்தப் பையனிடம் போய் நீ சொன்னது சரி என்று சொன்னேன். தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோய் நான் பார்க்கவில்லை. இன்று அந்தப் பொத்தான்களில் பலவற்றின் மேல் தூசி படிந்திருக்கிறது, வந்து தொட்டுப் பாருங்கள்.

டொயோட்டாவின் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் ஒரு தறி இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். நிற்பதால்தான் கெட்ட துணி நீளமாக நெய்யப்படாமல் தப்பியது. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளவும் முடிந்தது. நிறுத்துவது நஷ்டம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பயம் இருக்கும் இடத்தில் தகவல் மேலே வராது என்பதை விமானத் துறை நம்மைவிட முன்பே புரிந்துகொண்டது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளும் மற்ற பணியாளர்களும் தாங்கள் செய்த தவறுகளையும் நூலிழையில் தப்பியவற்றையும் நாசா நடத்தும் ஒரு அமைப்புக்கு எழுதி அனுப்புகிறார்கள். தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் அதைக் கொடுக்காமல் வேண்டுமென்றே நாசாவிடம் கொடுத்தார்கள். பெயர் நீக்கப்படும். வேண்டுமென்றே செய்யாத தவறுகளுக்குச் சில நிபந்தனைகளோடு தண்டனையிலிருந்து பாதுகாப்பும் உண்டு. பெயரைப் பலகையில் எழுதுவதற்கு நேர் எதிரான வழி இது.

ஆடிட் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடுத்த மாதம் சான்றிதழ் புதுப்பிக்க வருகிறார்கள். தர நிர்வாகத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001 முதலில் 1987இல் வந்தது, நம் சுவரில் இருப்பது 2015 பதிப்புக்கான சான்றிதழ். அந்தப் பதிப்பில் 'நிர்வாகப் பிரதிநிதி' என்று ஒருவரைத் தனியாக நியமிக்க வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். தர அமைப்பு பலன் தருகிறதா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியது மேல்மட்ட நிர்வாகம் என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறார்கள். வேலைச் சூழல் பற்றிய பிரிவின் குறிப்பில் வெப்பம், வெளிச்சம், சுத்தம் மட்டும் இல்லை. மோதல் இல்லாத, மன அழுத்தத்தைக் குறைக்கும் சூழலையும் சேர்த்தே பேசுகிறது. குறை வந்தால் காரணத்தைக் கண்டுபிடித்து அது மறுபடி வராமல் செய்ய வேண்டும் என்கிறது. பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

கடந்த மூன்று ஆடிட்டுகளுக்கு முன்னாலும் நான் இரவு உட்கார்ந்து விட்டுப்போன செக் ஷீட்டுகளை நிரப்பியிருக்கிறேன். ஒரே கை என்று தெரியக் கூடாது என்பதற்காக மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். செய்யச் சொன்னார்கள், செய்தேன். அதற்கு வெட்கப்படுகிறேன். இந்த முறை செய்ய மாட்டேன் என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

கூட்டங்கள் எல்லாம் பொன்னாக இருந்தன என்று நான் சொல்ல வரவில்லை. கடைசி ஒன்றரை வருடம் பல வாரங்களில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனோம். அது உண்மை. ஏன் அப்படி ஆனது என்பதும் தெரியும். குழுக்கள் எழுதிக் கொடுத்த யோசனைகளை என் அலமாரியிலிருந்து எடுத்து எண்ணினேன், 63 இருக்கின்றன. செயலுக்கு வந்தவை 9. மீதி 54க்கும் முடியாது என்றுகூட யாரும் பதில் சொல்லவில்லை. பதில் வராத இடத்தில் எத்தனை நாள்தான் பேசுவார்கள்? கூட்டம் செத்துப்போய்விட்டது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அதைப் பட்டினி போட்டுவிட்டு, பலமில்லை என்று காரணம் காட்டி நிறுத்துவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்க மின்னணு நிறுவனமான மோட்டரோலா 1986இல் சிக்ஸ் சிக்மா என்ற குறை குறைக்கும் முறையை எடுத்தபோது, குறை வரக்கூடிய பத்து லட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 குறை என்ற இலக்கு எல்லோர் வாயிலும் வந்தது. அந்த எண்ணைத்தான் நம் பயிற்சி வகுப்பிலும் பெரிதாகப் போட்டார்கள். ஆனால் அதை முன்வைத்த பொறியாளர் பில் ஸ்மித் பார்த்துச் சொன்னது வேறொன்று: தயாரிப்பின்போது குறை கண்டு சரிசெய்த பொருள்தான் வாடிக்கையாளர் கையில் போய்ச் சீக்கிரம் பழுதாகிறது, முதல் முறையே குறையில்லாமல் வந்தது அப்படிப் பழுதாவதில்லை. அரத்தால் தேய்த்து அனுப்பிய அந்த ஏழு ஹவுசிங்குகளை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

இனி நான் கேட்பவை.

பெயர்ப் பலகையையும் ஊக்கத்தொகைப் பிடித்தத்தையும் உடனே திரும்பப் பெறுங்கள். எங்கள் லைனில் மூன்று மாதமாகப் பிடித்த தொகையை அடுத்த சம்பளத்தில் திருப்பிக் கொடுங்கள். பலகை வேண்டும் என்றால் இருக்கட்டும். அதில் மெஷின் எண், நாள், மணி, என்ன குறை என்று எழுதுவோம், பக்கத்தில் கட்டுப்பாட்டு வரைபடத்தை ஒட்டுவோம். அதை வரையக் கற்றுக்கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வார ஒரு மணி நேரத்தை ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே மறுபடியும் கொடுங்கள். மாதம் ஒரு முறையாவது உங்களில் ஒருவர் வந்து உட்கார வேண்டும், அலுவலக அறையில் வேண்டாம், மெஷின் பக்கத்தில். குழு கொடுக்கும் ஒவ்வொரு யோசனைக்கும் 30 நாளுக்குள் முடியும் அல்லது முடியாது, முடியாது என்றால் என்ன காரணம் என்று எழுத்தில் பதில் வேண்டும். அலமாரியில் இருக்கும் 54இலிருந்து தொடங்கலாம், பட்டியல் தயாராக இருக்கிறது.

மஞ்சள் பொத்தானை அழுத்தியவரிடம் எழுத்து விளக்கம் கேட்கும் விதியை ரத்து செய்யுங்கள். லைன் நின்ற நிமிடங்களைச் சூப்பர்வைசரின் கணக்கில் குறையாக எழுதுவதையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முதல் ரத்துக்குப் பயனில்லை.

ஆடிட்டுக்காக விட்டுப்போன பதிவுகளை நிரப்பச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். விடுபட்டதை விடுபட்டது என்றே தணிக்கையாளரிடம் காட்டுவோம். அதனால் வரும் குறிப்புகளுக்குத் திருத்த நடவடிக்கை எழுதும் பொறுப்பில் என் பெயரைப் போடுங்கள்.

கடைசியாக, ஐந்து வருடத்துக்கு முன் கவனக்குறைவு என்று மெமோ கொடுத்து அனுப்பியவருக்கு அந்த மெமோ தவறு, திரும்பப் பெறப்பட்டது என்று நிறுவனத்தின் பெயரில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அவருடைய முகவரி மனிதவளப் பிரிவின் பழைய கோப்பில் இருக்கிறது. கடிதத்தோடு சேர்த்து அனுப்ப, நான் எழுதிய அறிக்கைக்கான என் திருத்தத்தையும் கையெழுத்திட்டு இந்த மடலுடன் இணைத்திருக்கிறேன்.

இவற்றுக்கு இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தரப் பிரிவிலிருந்து உங்கள் ஊழியன்